மரக்கட்டைக்குள் இத்தனை சங்கதியா? தெரியுமா உங்களுக்கு!

காலடிப்பேட்டை மெட்ரோவில் எத்தனையோ பேர் தினமும் ஏறி இறங்குகிறோம். அந்தப் பேட்டையை உண்டாக்கியவர் யார் தெரியுமா? ஜோசப் காலெட் என்ற வெள்ளைக்காரத் துரை! 1717 முதல் 1720 வரை சென்னைப் பட்டினத்தின் கவர்னராக இருந்தவர், நெசவாளர்களைக் குடிவைப்பதற்காகத் திருவொற்றியூரில் ஏற்படுத்திய காலெட்பேட்டைதான் இன்றைய காலடிப்பேட்டை. துரை இங்கே நெசவாளர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் லண்டனில் என்ன நடந்தது தெரியுமா? 1719-ல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, பருத்திச் சீட்டி உடுத்திப் போன பெண்களைத் துரத்தித் துரத்தி மேலே மசி ஊற்றினார்கள், திராவகம் வீசினார்கள், துணியைக் கிழித்தார்கள்! நம்மூர்ச் சரக்கும் அதைப் பார்த்து அங்கே அச்சடித்த சரக்கும் தங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறதே என்ற ஆத்திரம். 1721-ல் சட்டமே வந்துவிட்டது: அச்சடித்த பருத்தித் துணியை இங்கிலாந்தில் உடுத்தவே கூடாது!

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே. 1686-லேயே சீட்டிக்குத் தடை. இறக்குமதி மட்டுமா? உள்ளூரில் அச்சடிக்கவும் கூடாது. அச்சடிக்கும் மரக்கட்டைகளையும் உடைத்துப் போடுங்கள் என்று உத்தரவு! 1759 வரை, எழுபத்துமூன்று வருஷம், கட்டைக்கு எதிராக ஒரு ராஜாங்கமே நின்றது.

வேடிக்கையைக் கேளுங்கள். வீட்டில் தடை போட்ட அதே பிரெஞ்சுக்காரர்கள், புதுச்சேரியில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? சாயக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! 1734-ல் பொலியே என்ற கடற்படை அதிகாரி ஒவ்வொரு கட்டத்தையும் எழுதி, அந்தந்தக் கட்டத்தில் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்துப் பாரீசுக்கு அனுப்பினார். அந்தத் துண்டுகள் இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் பத்திரம். 1742-ல் கேர்தூ என்ற பாதிரியார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களைக் கேட்டுக் கேட்டு நீண்ட கடிதம் எழுதினார். (சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் உறவு மொழிகள் என்று பின்னால் பாரீசுக்கு எழுதியவரும் இதே பாதிரியார்தான்! சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.) தடை நீங்கிய மறு வருஷமே, 1760-ல், பாரீசுக்குப் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் மரக்கட்டை வைத்துத் துணி அச்சடிக்கத் தொடங்கிவிட்டார். சொல்லிக்கொடுத்த நம்மூர்க்காரர்களின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

அப்படி எதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்? இங்கேதான் பெரிய ஆச்சரியம். துணியில் கட்டையை வைத்துக் குத்தும்போது அதில் சிவப்பே கிடையாது, தெரியுமா! அச்சில் தோய்த்திருப்பது படிகாரக் கரைசல், கொஞ்சம் பிசின். துணியில் அடித்தால் பார்வைக்கு ஒன்றுமே தெரியாது. அதற்கு முன்பே துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் முக்கி உலர்த்தியிருப்பார்கள். பாலின் கொழுப்பு இருந்தால்தான் கரைசல் பரவாமல் கோட்டுக்குள் நிற்கும். பிறகு சாயவேர் கொதிக்கும் கொப்பரையில் துணியை இறக்கினால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும்பும்! இரும்புக் கரைசல் பட்ட இடம் கறுக்கும். மற்ற இடத்தில் ஒட்டிய சாயமெல்லாம் அலசி வெயிலில் போடப் போட வெளுத்துவிடும். நம் சோழமண்டலக் கரையில் பேர் வாங்கியது கையால் எழுதும் கலம்காரிதான். கட்டை அச்சுக்கு மசூலிப்பட்டினம் பக்கம் செல்வாக்கு அதிகம். ஆனால் கலமானாலும் கட்டையானாலும் சூத்திரம் ஒன்றே.

அந்தச் சாயவேர் எங்கே விளைந்தது? கடலோர மணலில்! இம்பூறல் என்று நாட்டு வைத்தியர்கள் சொல்லும் அதே செடி. அதன் வேரில் இருக்கும் சிவப்புக்கு அலிசரின் என்று பெயர். 1868-ல் ஜெர்மானியர் இருவர் அதே அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து வடித்துவிட்டார்கள். அவ்வளவுதான், வேர் தோண்டுகிறவர்கள் பிழைப்பு போயிற்று. எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக நிலக்கரி வந்து இறங்குவதைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஞாபகம் வரும்.

கட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். குஜராத்தில் பேதாபூர் என்ற ஊர் அச்சுக்கட்டை செதுக்குவதற்கே பேர்போனது. தேக்குக் கட்டைதான். செதுக்கி முடித்ததும் நாள்கணக்கில் எண்ணெயில் ஊறப்போடுவார்கள். ஊறாவிட்டால் சாய ஈரத்தில் வெடித்துவிடும். பூ வேலைப்பாட்டின் இடையே ஊசி நுழையும் அளவுக்குத் துளைகள் இருக்கும். அழகுக்கா? இல்லை! அடிக்கும்போது உள்ளே சிக்கும் காற்று வெளியேற வழி. அதிகப்படியான சாயமும் அதில் ஏறிக்கொள்ளும். அடிக்கிறவர் கட்டையை வைத்து, மேலே முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து. அடுத்தது, மறுபடி குத்து. அச்சுக்கட்டை செதுக்குகிறவரும் அடிக்கிறவரும் வேறு வேறு ஆள். ஒருவர் தொழிலின் நெளிவுசுளிவு மற்றவருக்குத் தெரிந்தால்தான் அந்தத் துளையையே சரியான இடத்தில் போட முடியும்.

இனி காகிதத்துக்கு வருவோம். பெரியமேட்டில் இருக்கிற கவின் கலைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி. அந்தக் காலத்தில் படம் அச்சடிக்க மரத்தில் நுணுக்கமாகச் செதுக்க வேண்டும். அதற்கு பாக்ஸ்வுட் என்ற சீமை மரம். கப்பலில் வரவேண்டும், விலையோ கொள்ளை! ஹன்டர் என்ன செய்தார் தெரியுமா? நம்மூர் மரங்களை ஒவ்வொன்றாகச் செதுக்கிப் பார்த்தார். எது ஜெயித்தது? சந்தனம்! வழவழவென்று வெட்டுகிறது, பிளப்பதில்லை, அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தைத் தாங்குகிறது; சில கட்டைகள் இருபதாயிரம் பிரதிக்கு மேல் அடித்தும் தேயவில்லை என்று எழுதியே வைத்துவிட்டார். கண்டுபிடித்ததைப் பூட்டி வைக்காமல் ஊருக்குச் சொன்னாரே, அதுதான் பெரிய மனசு. சந்தனக்கட்டையில் செதுக்கிய மாணவர்கள் கை எவ்வளவு மணந்திருக்கும்!

ராயபுரத்துக்குப் பக்கத்துக் கொண்டித்தோப்புக்கும் அச்சில் ஒரு பங்கு உண்டு. பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் பதிப்பித்த 'பெரிய எழுத்து' கதைப்புத்தகங்கள் அங்கிருந்துதான் தமிழ்நாடு முழுக்கப் போயின. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் படிக்கட்டும் என்றுதானே பெரிய எழுத்து! ஒருவர் உரக்க வாசிக்க, தெருவே கேட்கும். எழுத்து கோத்து அச்சடித்த காலத்துப் படத்துக்கு அச்சகத்தில் பெயர் 'பிளாக்'. துத்தநாகத் தகடு வந்த பிறகும் அதை ஒரு மரக்கட்டையில் ஆணி அடித்து, எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் மிஷினில் ஏறும்.

ஜப்பானியர் கதை இன்னும் வேடிக்கை. ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை' படத்தை உலகமே அறியும். அதுவும் மரக்கட்டை அச்சுதான். அவர் வரைந்ததோடு சரி. செதுக்கியவர் வேறு, அச்சடித்தவர் வேறு. பரம்பரை ரகசியமாக இருந்த அந்த வேலையை, தோக்கியோ அரசு அச்சகத்தின் தலைவர் தொகுனோ, 1890-களில் அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு உளி, தூரிகையோடு செய்முறையும் எழுதிக் கொடுத்துவிட்டார்! ஜப்பான் போகாமலே ஃப்ளெட்சர் என்ற ஆங்கிலேயர் அதைப் படித்துத் தாமே செய்து பழகி, மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, 1916-ல் புத்தகமும் போட்டார்.

இன்றைய அச்சுக் கலைஞர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, தெரியுமா? இருபத்தைந்து பேர் சேர்ந்துகொள்வார்கள். ஒவ்வொருவரும் தம் கட்டையிலிருந்து இருபத்தைந்து பிரதி அடித்து, ஓரத்தில் பென்சிலால் 1/25, 2/25 என்று எண் போட்டுக் கையெழுத்திடுவார். எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்துப் பிரித்துக் கொடுத்தால், ஒரே படத்தின் இருபத்தைந்து பிரதியோடு வந்தவர் இருபத்தைந்து வேறு வேறு படங்களோடு வீடு திரும்புவார்! இந்த லாபத்துக்கு வருமான வரிகூடக் கிடையாது.