பேக்கப் ஹார்ட் டிஸ்க் வீட்டிலேயே இருந்தா போதுமா?

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தையே புரட்டிப்போட்டது நெய்வேலிக்காரர்களுக்கு மறக்காது. கம்ப்யூட்டரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தால், ஒழுகும் தண்ணீர் இரண்டையும் சேர்த்தே நனைக்கும். அதனால் இன்னொரு பிரதி வெளியூரில் இருக்கணும்: சென்னையில் உள்ள மகள் வீட்டிலோ, கிளவுடிலோ. கூகுளில் 15 ஜிபி இலவசம், ஜிமெயிலும் அதற்குள்தான். கல்யாண வீடியோவுக்குப் பத்தாது, சான்றிதழ் ஸ்கேன்களுக்குத் தாராளம்.

காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிடுங்க. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற ரேன்சம்வேர், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இன்னொரு விஷயம், பலரும் குழம்புறது இங்கேதான்: 'சிங்க்' வேற, பேக்கப் வேற. சிங்க் ஆகும் ஃபைலை கம்ப்யூட்டரில் அழித்தால் கிளவுடிலும் போய்விடும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும், அதற்குள் மீட்டுடுங்க.