சைட்கார் மோட்டாருக்கும் அலைன்மென்ட் உண்டு: மலை இறங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சாலை சுமார் 60 கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. தேயிலைத் தோட்டங்களுக்குள் செல்லும் சாலைகளோ இன்னும் குறுகலானவை. இத்தகைய சாலையில் சைட்கார் பொருத்திய மூன்று சக்கர மோட்டாரை ஓட்டுவோர், சக்கரங்களின் அலைன்மென்ட் சரியாக உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

நம் நாட்டில் சைட்கார் இடது பக்கம் இருக்கும். அந்தச் சக்கரத்துக்கு என்ஜின் இழுவை கிடையாது. அதனால் எண்ணெய் முறுக்கினால் வண்டி இடது பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தாலோ, சைட்காருக்குத் தனி பிரேக் இல்லாத நிலையில், அதன் பாரம் முன்னோக்கித் தள்ளி வண்டியை வலது பக்கம் திருப்பும். வலது பக்கம் என்பது எதிரே லோரி வரும் பக்கம். அலைன்மென்ட்டும் தவறாக இருந்தால், இறக்கத்தில் ஹேண்டலைப் பிடித்து நிறுத்துவது சிரமம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. சைட்கார் சக்கரத்தின் முன்புறம் மோட்டாரை நோக்கிச் சற்றுத் திரும்பியிருக்க வேண்டும். அடுத்து, மோட்டார் சைட்காருக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலது பக்கம், மிகச் சிறிதளவு சாய்ந்திருக்க வேண்டும். நம் சாலைகள் பெரும்பாலும் இடது ஓரமாகச் சரிந்திருப்பதால் இந்தச் சாய்வு தேவைப்படுகிறது.

முதலில் டயர் காற்று, சக்கர பேரிங், சைட்காரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஓட்டுநரை உட்காரவைத்து, வழக்கமான சுமையையும் ஏற்ற வேண்டும். வெறும் வண்டியில் எடுத்த அளவு, சுமை ஏறியதும் மாறிவிடும்.

மோட்டாரின் இரு டயர்களையும் ஒட்டி ஒரு நேரான பலகை, சைட்கார் டயரை ஒட்டி இன்னொரு பலகை வைக்கவும். முன் டயர் பின் டயரைவிட ஒல்லியாக இருந்தால், அகல வித்தியாசத்தில் பாதியை முன்புறம் இடைவெளியாக விடவும். இரு பலகைகளுக்கும் இடையிலான தூரத்தை முன் டயருக்கு முன்னாலும் பின் டயருக்குப் பின்னாலும் அளக்கவும். முன்னளவு சுமார் 10 முதல் 20 மில்லிமீட்டர் குறைவாக இருப்பது பொதுவான தொடக்க அளவு. இதைக் கீழ் இணைப்புகளிலும், சாய்வை மேல் கம்பிகளிலும் சரிசெய்யலாம். சாய்வைப் பார்க்க, கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு போதும். சுமையோடு 1 பாகை அளவு சாய்ந்திருந்தால் தொடங்கலாம்.

அடுத்து, வாகனம் இல்லாத நேரான சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். சீரான வேகத்திலும் இடது பக்கம் இழுத்தால் சாய்வைச் சற்றுக் கூட்டவும். வலது பக்கம் இழுத்தால் குறைக்கவும். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சைட்கார் டயர் சீக்கிரம் தேய்ந்தால், அது உள்நோக்கி அதிகம் திரும்பியிருக்கலாம்.

எவ்வளவு சரியாக அமைத்தாலும், இடது வளைவில் வேகமாகத் திரும்பினால் சைட்கார் மேலே தூக்கும். சுமை இல்லாதபோது இந்த ஆபத்து அதிகம். எனவே இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணிப்பதே பாதுகாப்பு.