தேடலின் விலை

சரியானதைக் கண்டறியச் செலவாகும் காலத்தையும் பணத்தையும் பொருளியல் 'தேடல் செலவு' என்கிறது. 1961-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் விளக்கிய இக்கருத்தை வகுப்பறையில் கற்பித்திருக்கிறேன். அதன் கடுமையை நரம்புத் தசை நோய்களில்தான் காண்கிறேன்.

டுஷேன் தசைச் சிதைவு பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. தொடையில் கையூன்றி எழும் குழந்தையை எலும்பு மருத்துவரிடம் காட்டுகிறோம். 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று ஆறுதல் கொள்கிறோம். சிதைந்த தசையோ மீள்வதில்லை.

இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவு மிகுந்திருந்தால், நரம்பியல் மருத்துவரின் வழியாக, பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற, நரம்புத் தசை நோய்களுக்கான சிறப்புச் சிகிச்சை உள்ள இடத்தை அடையவேண்டும். உரிய காலத்தில் தொடங்கும் ஸ்டீராய்டு மருந்து, குழந்தை நடக்கும் காலத்தை நீட்டிக்கக்கூடும்.

இந்த எளிய சோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையமே வழிகாட்டட்டும். தேடலின் விலையை ஏழைப் பெற்றோர் தனியே சுமப்பது நியாயமன்று.