திருத்தப்பட்டது எந்தப் பிழை?

திறன்பேசியில் உள்ள செயலிகளுள் ஏதேனும் ஒன்று அநேகமாக நாள்தோறும் தன்னைப் புதுப்பிக்கச் சொல்கிறது. எதற்காக என்று பார்த்தால், 'பிழைகள் திருத்தப்பட்டன. செயல்திறன் மேம்படுத்தப்பட்டது' என்ற வரிதான் பெரும்பாலும் காணக் கிடைக்கும். என்ன பிழை, அது யாரைப் பாதித்தது, எவ்வளவு காலம் இருந்தது என்பது குறித்து ஒரு சொல்லும் இராது. மருந்துக் குப்பியின் மேல் 'நோய்க்கு மருந்து' என்று மட்டும் அச்சிட்டு விற்பதற்கு ஒப்பானது இது.

மென்பொருளின் புதிய பதிப்புடன் வரும் இந்த விவரத்துக்கு வெளியீட்டுக் குறிப்பு என்று பெயர். முந்தைய பதிப்பிலிருந்து எது மாறியது என்பதைத் தெரிவிப்பதே அதன் பணி. நாம் விலை கொடுத்து வாங்கிய தையல் இயந்திரத்தை, அதைச் செய்தவர் இரவோடிரவாக வந்து மாற்றியமைத்துச் செல்வதில்லை. மென்பொருளில் அது நாள்தோறும் நடக்கிறது. அப்படி மாற்றப்பட்டதற்குப் பயனாளரின் கையில் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று இந்தக் குறிப்புதான்.

2017 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கான ஐஓஎஸ் 10.2.1 பதிப்பை வெளியிட்டது. பிழைத்திருத்தங்கள் அடங்கியது, பாதுகாப்பை மேம்படுத்துவது என்பதற்கு மேல் அதன் குறிப்பு பயனாளருக்கு எதையும் சொல்லவில்லை. ஆனால், அதற்குள் ஒரு முக்கியமான மாற்றம் இருந்தது. லித்தியம் அயனி மின்கலம் பழையதாக ஆக, திடீரென மிகுதியான மின்சாரம் தேவைப்படும்போது அதை வழங்கும் ஆற்றலை இழக்கிறது. கைப்பேசி தானாகவே அணைந்துவிடுகிறது. இதைத் தடுக்க, மின்கலம் தளர்ந்த கைப்பேசிகளில் பிராசஸரின் உச்ச வேகத்தைக் குறைக்க அப்பதிப்பு ஏற்பாடு செய்தது. அடுத்த மாதம், திடீரென அணையும் சிக்கல் பெருமளவு குறைந்திருப்பதாக நிறுவனம் கூறியது. அதற்கு விலையாக வேகம் குறைக்கப்பட்டதைக் கூறவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில், வேகச் சோதனை முடிவுகளைத் திரட்டி ஒப்பிட்டவர்கள் வெளிக்கொணர்ந்த பின்னரே ஆப்பிள் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. மின்கலம் மாற்றித்தரும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. புதுப்பித்தால் கைப்பேசியின் வேகம் குறையக்கூடும் என்று நுகர்வோருக்குத் தெரிவிக்காததே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

தொழில்நுட்ப நோக்கில் அந்தத் திருத்தம் தவறானதன்று. அவசர அழைப்பின் நடுவே அணைந்துபோகும் கைப்பேசியைவிட, சற்றே மெதுவாக இயங்கும் கைப்பேசி மேல் என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள். ஆனால், அவர்களிடம் சொல்லப்படவில்லை. புதிய மின்கலம் போட்டால் பழைய வேகம் திரும்பும் என்று தெரியாமல், கைப்பேசிக்கே வயதாகிவிட்டது என்று எண்ணிப் புதிதாக ஒன்றை வாங்கியவர்களுக்கு நேர்ந்தது பண இழப்பு. ஒரு வரியில் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு அது.

அந்த ஒரு வரியை எழுத முடியாதா என்றால், முடியும். இணையத்தில் நாம் அனுப்பும் தகவல்களைக் குறியாக்கம் செய்து காக்கும் மென்பொருள்களுள் ஒன்று ஓபன்எஸ்எஸ்எல். 'ஹார்ட்பிளீட்' என்று பெயர்பெற்ற பிழையைத் திருத்தி, 2014 ஏப்ரல் 7 அன்று அதன் 1.0.1ஜி பதிப்பு வெளிவந்தது. உடன் வந்த அறிவிப்பு சில வரிகளே கொண்டது. 'ஹார்ட்பீட்' எனும் வசதியில் எல்லை சரிபார்க்கப்படாததால், இணைப்பின் மறுமுனையில் இருப்பவர் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை படித்துவிட முடியும் என்றது. பாதிக்கப்பட்ட பதிப்புகளைக் குறிப்பிட்டது. உடனே புதுப்பிக்க இயலாதவர்கள் அந்த வசதியை நீக்கிவிட்டு மென்பொருளைத் தொகுத்துக்கொள்ளலாம் என்று மாற்றுவழியும் காட்டியது.

விவரம் அறிந்த நிர்வாகிக்கு அந்தச் சில வரிகளே போதும். நினைவகத்தைப் பிறர் படித்திருக்கக்கூடும் என்றால், அதில் இருந்த கடவுச்சொற்களும் ரகசியத் திறவுகோல்களும் கசிந்திருக்கலாம். பிழை 2012 மார்ச்சில் வந்த பதிப்பிலிருந்தே இருந்ததால், ஈராண்டுகளாகக் கசிந்திருக்கலாம். எனவே, புதிய பதிப்பை நிறுவினால் மட்டும் போதாது. திறவுகோல்களையும் சான்றிதழ்களையும் மாற்ற வேண்டும். பயனாளர்களும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். 'பிழைகள் திருத்தப்பட்டன' என்று மட்டும் எழுதியிருந்தால், பூட்டைச் சரிசெய்துவிட்டோம் என்ற நிம்மதியில், களவுபோன சாவியை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

குறிப்புகளைப் படிக்கையில் கண்ணில் பட வேண்டியவை சில உண்டு. 'சிவிஇ' என்று தொடங்கி, ஆண்டையும் ஓர் எண்ணையும் கொண்ட அடையாளம் இருந்தால், அது உலக அளவில் பதிவுசெய்யப்பட்ட பாதுகாப்புக் குறைபாடு. 1999 முதல் இவ்வழக்கம் இருக்கிறது. 'இக்குறைபாடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என அறிகிறோம்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தால், புதுப்பிப்பை நாளைக்கு என்று ஒத்திப்போடலாகாது. ஒரே குறைபாட்டுக்கு அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தால் முதல் திருத்தம் முழுமையாக அமையவில்லை என்று பொருள். 2021 டிசம்பரில் லாக்4ஜே குறைபாட்டுக்கு 2.15.0 வந்த சில நாள்களிலேயே 2.16.0 வர நேர்ந்தது.

எல்லாவற்றையும் விளக்கினால் தாக்குவோருக்கு வழிகாட்டியதாகாதா என்று நிறுவனங்கள் கேட்கின்றன. கேள்வியில் நியாயம் இருக்கிறது. திருத்தம் வெளியானதும் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் குறைபாட்டைக் கண்டறிய முனைவோர் உண்டு. ஆனால், தாக்கும் முறையை மறைப்பது வேறு. ஆபத்தின் அளவை மறைப்பது வேறு. 2017 மார்ச் 14 அன்று விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையில் இருந்த குறைபாட்டைத் திருத்திய மைக்ரோசாஃப்ட், அது மிகக் கடுமையானது என்று தெளிவாகவே குறித்தது. தாக்கும் வழியை விளக்கவில்லை. மே 12-இல் 'வான்னாக்ரை' பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் உள்படப் பல இடங்களில் கணினிகள் முடங்கின. இரு மாதங்களாகக் கிடைத்துக்கொண்டிருந்த திருத்தத்தை நிறுவாத கணினிகள் அவை.

செயலிகளை விற்கும் தளங்களின் விதிகளே இங்கு மாற வேண்டும். குறிப்பிடத்தக்க மாற்றங்களைத் தெளிவாக எழுத வேண்டும் என்று கோரும் ஆப்பிளின் செயலிக்கடை விதி, எளிய பிழைத்திருத்தங்களுக்கும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கும் பொதுவான ஒரு வரி போதும் என்று விலக்களிக்கிறது. பொத்தானின் நிறம் சரியாகத் தெரியாத பிழையும், கடவுச்சொல் கசியக்கூடிய பிழையும் ஒரே வரிக்குள் அடங்கிவிடுவது இதனால்தான். வங்கி, பணப்பரிமாற்றச் செயலிகளுக்காவது இவ்விலக்கு கூடாது. பாதிக்கப்பட்ட பதிப்பு எது, என்ன நேர்ந்திருக்கக்கூடும், புதுப்பித்தபின் பயனாளர் வேறு ஏதேனும் செய்ய வேண்டுமா என்ற மூன்றையும் எழுதக் கட்டாயப்படுத்தலாம். இடம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கூகுளின் பிளே ஸ்டோர் இக்குறிப்புக்கு ஒவ்வொரு மொழியிலும் 500 எழுத்துகள் வரை அனுமதிக்கிறது. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று.