‘ஈ’ பிளாக்கில் என்ன நடந்தது?

2003 மார்ச் 31. ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில் இருக்கும் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் ‘ஈ’ பிளாக்கை அரசு மூடி முத்திரையிட்டது. மறுநாள் அங்கிருந்தவர்களை விடுமுறை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். ஏப்ரல் நடுப்பகுதிக்குள் அந்த ஒரு குடியிருப்பில் மட்டும் 321 பேருக்கு சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய்.

எப்படிப் பரவுகிறது என்பது முதலில் பிடிபடவில்லை. காற்றா, எலியா, லிஃப்ட் பொத்தானா? எதைப் பார்த்தாலும் பயம். பிறகுதான் சந்தேகம் பாத்ரூமுக்குள் போனது. தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்கு அடியில் ‘யூ’ வடிவத்தில் ஒரு குழாய் வளைவு உண்டு. அதில் தேங்கும் தண்ணீர்தான் கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. நம்மைப் போலத் தண்ணீர் விட்டுக் கழுவாமல், மாப் போட்டுத் துடைக்கும் வீடுகளில் அந்தத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், கிருமி கலந்த கழிவுநீர்த் துளிகள் உள்ளே இழுக்கப்பட்டன. ஏப்ரல் 17 அன்று சுகாதாரத் துறை இதை விளக்கியது. ஜாலியில் தண்ணீர் ஊற்றி வையுங்கள் என்றார்கள். அது யாராலும் செய்ய முடிந்த காரியம். கையில் ஒரு வேலை கிடைத்தாலே பாதிப் பயம் போய்விடும் என்பது என் எண்ணம்.

ஆனால் அக்கம்பக்கத்தாரின் பார்வைக்கு மருந்து இல்லை. அமோய் கார்டன்ஸ்காரர் என்று தெரிந்ததும் வேலையிடத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஒதுக்கினார்கள். நோயே வராதவர்களுக்கும் இந்த அவமானம் மிச்சம்.

இதே ஊரில் வேறொன்றும் நடந்தது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொதுமக்களைத் தொலைபேசியில் விசாரித்தபோது, வீட்டில் உள்ளவர்களின் மனநிலையை முன்பைவிட அதிகம் கவனிப்பதாக 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். சார்ஸிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்களை ஜார்ஜ் பொனானோ, சாமுவேல் ஹோ உள்ளிட்ட உளவியலாளர்கள் ஒன்றரை ஆண்டு வரை தொடர்ந்து கவனித்தார்கள். மனம் தளராமல் இருந்தவர்களுக்கு ஆள் துணை அதிகம். நோயைப் பற்றிய கவலை குறைவு. மனத்திடம் பிறவிக்குணம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

துணை இல்லாதவர்கள்? அந்த ஆண்டு ஹாங்காங்கில் முதியோர் தற்கொலை கூடியது. தனிமையும், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற பயமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கிருமி தொடாமலே போன உயிர்கள் அவை.

உங்கள் குடியிருப்பில் தனியாக வசிக்கும் பெரியவரின் செல்போன் எண் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே வாங்கி வையுங்கள்.