சுரங்க நிலத்துப் பச்சையை அளப்பது எப்படி?

திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரியை எடுத்து முடித்ததும் குழியை மூடி, மட்டம் செய்து, மேல்மண் பரப்பி விதைத்துவிடுவார்கள். ஒரு மழைக்கே நிலம் பச்சையாகிவிடும். அந்தப் பச்சை நிலைக்குமா என்பது வேறு கேள்வி. உரமும் தண்ணீரும் கொடுக்கும்வரை எந்த நிலமும் செழிப்பாகத்தான் தெரியும். அவை நின்ற பிறகுதான் சாயம் வெளுக்கும்.

இந்தச் சந்தேகத்தைச் சட்டமாக எழுதி, பணத்தோடு முடிச்சுப் போட்ட நாடு அமெரிக்கா. 1977 ஆகஸ்ட் 3 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாடு, நில மீட்புச் சட்டத்தின்படி, நிறுவனம் தோண்டும் முன்பே பிணைத்தொகை காட்ட வேண்டும். குழியை மூடிச் சரிவைச் சீராக்கினால் 60 சதவீதம் வரை விடுவிக்கலாம். செடிகள் வேர் பிடித்ததும் இன்னொரு பங்கு கிடைக்கும். கடைசிப் பங்கு, பொறுப்புக்காலம் முடிந்து, அளவையிலும் நிலம் தேறிய பிறகே. ஆண்டுக்கு 26 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 660 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்களில் அந்தக் காலம் 5 ஆண்டுகள். வறண்ட மேற்குப் பகுதிகளில் 10 ஆண்டுகள். கடைசியாகக் கூடுதல் விதையோ உரமோ நீரோ கொடுத்த நாளிலிருந்துதான் அது தொடங்கும். வழக்கமான பராமரிப்பைத் தாண்டி நடுவில் மறுபடி விதைத்தால், மறுபடி முதல் ஆண்டு.

தேறியதா என்பதை எதனோடு ஒப்பிட்டுச் சொல்வது? ஒரு வழி, அரசு முன்கூட்டியே நிர்ணயித்த அளவு. இன்னொரு வழி, அருகில் தோண்டப்படாமல் கிடக்கும், அதே வகை மண்ணும் சரிவும் கொண்ட ஒப்பீட்டு நிலம். இரண்டாவதே நியாயமானது என்று சொல்லத் தோன்றுகிறது. வறட்சி வந்தால் இரண்டு நிலமும் சேர்ந்தே வாடும், பருவத்தின் குற்றம் மீட்பு வேலையின் தலையில் விழாது. எந்த வழியானாலும் நிர்ணயித்த தரத்தில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும்.

அளக்கும் வேலை எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. குலுக்கல் முறையில் தேர்ந்த ஓர் இடத்திலிருந்து 50 மீட்டர் நாடாவை இழுத்துக் கட்டுவார்கள். அரை மீட்டருக்கு ஒரு முறை மெல்லிய கம்பியைச் செங்குத்தாக இறக்கி, அதன் நுனி முதலில் எதைத் தொடுகிறது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் எழுதிக்கொள்வார்: புல், சருகு, கல், வெறும் மண். நூறு முறை இறக்கியதில் எழுபது முறை உயிருள்ள செடியைத் தொட்டால் தாவரப் போர்வை 70 சதவீதம். மேய்ச்சல் நிலத்தில் இது போதாது. சதுரச் சட்டகத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருக்கும் அந்த ஆண்டு வளர்ச்சியைக் கத்தரித்து, அடுப்பில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுப்பார்கள். மரங்களுக்கு எண்ணிக்கைதான். கடைசி நேரத்தில் கன்று நட்டுக் கணக்குக் காட்ட முடியாது; எண்ணப்படும் மரங்களிலும் புதர்களிலும் 80 சதவீதமாவது பொறுப்புக்காலத்தில் 60 சதவீதத்தை அங்கேயே கழித்திருக்க வேண்டும்.

ஒரு கோட்டில் 70, பக்கத்துக் கோட்டில் 40 என்று வருவது சகஜம். நிலம் திட்டுத்திட்டாக இருந்தால் கூடுதல் கோடுகள் வேண்டும். முடிவின் நம்பகம் 90 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது விதி. புள்ளியியலில் இங்கே ஒரு நுட்பம் உண்டு. நிலம் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்கினால் ஐயத்தின் பலன் நிறுவனத்துக்குப் போகும். தேறவில்லை என்று தொடங்கினால், தேறியதை நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல் விழும். முன்னதில் மாதிரி குறையக் குறையத் தேறுவது எளிது!

அளவுகோல் எதைக் கேட்கிறதோ, அதுதான் முளைக்கும் என்பதற்கு அப்பலாச்சிய மலைப்பகுதியே சாட்சி. கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா மலைகள் ஓக் முதலிய மரங்கள் அடர்ந்த காடாக இருந்தவை. அரிப்பைத் தடுக்க வேண்டும், போர்வை சீக்கிரம் மூட வேண்டும் என்ற நெருக்கடியில், நிறுவனங்கள் புல்டோசரால் மண்ணை இறுக்கி வழவழப்பாக்கி, கென்டக்கி-31 ஃபெஸ்க்யூ புல்லையும் செரிசியா லெஸ்பிடீசா செடியையும் விதைத்தன. போர்வைக் கணக்கில் நிலம் நன்றாகத் தேறியது. ஆனால் இறுகிய மண்ணில் மரவேர் இறங்கவில்லை. வேர் பிடித்த சில கன்றுகளையும் புல் அமுக்கியது. 2004-இல் தொடங்கிய அப்பலாச்சிய வட்டாரக் காடு மீட்பு முயற்சி இதைத் தலைகீழாக்கியது: குறைந்தது 4 அடிக்கு மண்ணை இறுக்காமல் தளர்வாக விடு, போட்டி போடாத மெல்லிய புல்லை மட்டும் விதை, பிறகு மரம் நடு. முதல் ஆண்டுகளில் அந்த நிலம் பரட்டையாகத்தான் தெரியும்.

இந்தியாவில் கோல் இந்தியாவின் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களை, ராஞ்சியில் உள்ள மத்தியச் சுரங்கத் திட்டமிடல், வடிவமைப்பு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களால் கண்காணிக்கிறது. தோண்டப்படும் பரப்பு, மண் நிரப்பிய பரப்பு, மரம் நட்ட பரப்பு என்று நிலத்தைப் பிரித்துக் காட்டுகிறது. சுரங்கம் தோண்டிய நிலத்தில் மறுபடி புல் வளர்க்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கும்படி உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. செயற்கைக்கோள் படத்தால் பரப்பைப் பிடிக்க முடியும். இலைகள் சிவப்பு ஒளியை விழுங்கி அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த வித்தியாசம்தான் பசுமைக் குறியீடு. அந்தக் குறியீட்டுக்குச் சீமைக்கருவேலமும் பச்சைதான், தேக்கும் பச்சைதான்.

அதனால் இனம் பார்த்து எண்ண யாராவது தரையில் இறங்கியாக வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாக்சைட் சுரங்க நிலங்களில் சூழலியலாளர் ஜொனதன் மேஜர் எறும்பு இனங்களை எண்ணினார். எந்த எறும்பு திரும்பியிருக்கிறது என்பது மண்ணும் சருகும் செடியும் எவ்வளவு தேறியிருக்கின்றன என்பதைக் காட்டியது. மண்ணின் அங்ககக் கரிமத்தை அளப்பதும் நல்ல சோதனை, நிலக்கரிச் சுரங்கத்தில் தவிர. அங்கே மண்ணில் கலந்த கரித்தூளும் கரிமமாகவே எண்ணப்பட்டு, உயிரற்ற மண் வளமானதாகத் தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான நிலக்கரியில் கார்பன்-14 மிஞ்சியிருக்காது, புதிய சருகில் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய அந்த வேறுபாடு உதவுகிறது.