மனவடு ஆறும் வழி: பல முறைகள், ஓர் ஒழுங்கு



கையில் ஒரு வெட்டுக்காயம் ஏற்பட்டால் கழுவி, மருந்திட்டு, கட்டுப் போடுகிறோம். உள்ளத்தில் காயம் ஏற்பட்டவரிடம் மட்டும் "நடந்ததை மறந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு நம் கடமை முடிந்ததாக நினைத்துக் கொள்கிறோம். சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய், அடி உதைக்கு நடுவே வளர்ந்த பிள்ளை, வெள்ளத்தில் வீடு வாசலை இழந்தவர் எனப் பலரும் ஆலயத்திற்கு வந்து கண்ணீர் மல்க நிற்பதை நாம் காண்கிறோம். அவர்களுக்கு உணவும் உடையும் பொருளும் வழங்க நமக்குத் தெரியும். அவர்கள் மனம் எவ்வாறு ஆறுகிறது என்பதையும் ஓரளவு அறிந்து வைத்திருந்தால் நம் உதவி முழுமை பெறும். அந்நோக்கத்தில், இன்றைய உளவியல் சிகிச்சை முறைகளையும், அவை ஒன்றோடொன்று இணைக்கப்படும் விதத்தையும் இங்கு எளிமையாக விளக்க முற்படுகிறேன்.

மனவடு என்பது என்ன?

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993-ஆம் ஆண்டு வெளிவந்த தமது தமிழ் நூலுக்கு 'மனவடு' என்று பெயர் சூட்டினார். பொருத்தமான சொல் அது. அச்சுறுத்தும் நிகழ்ச்சி ஒன்று நேர்ந்த பின் சில நாட்கள் தூக்கம் கெடுவதும், உணவு இறங்காமற் போவதும் இயல்பே. பெரும்பாலோர் உற்றார் உறவினர் ஆதரவில் மெல்லத் தேறி விடுகின்றனர். சிலருக்கோ ஒரு மாதம் கடந்த பின்னும் அந்நிகழ்ச்சி கண்முன் மீண்டும் நடப்பது போலத் தோன்றும். அதை நினைவூட்டும் இடங்களுக்குப் போக மாட்டார்கள். கதவு படார் என்று சாத்தினால் உடல் நடுங்கும். "எல்லாம் என்னால்தான்" என்ற எண்ணம் ஓயாது அரிக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் இதைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலோ, நீண்ட காலம் கொடுமைக்கு ஆளானவர்களிடம் காணப்படும் சிக்கலான மனவடுவையும் தனியே குறிப்பிடுகிறது. இவர்களுக்கு மேற்சொன்ன துன்பங்களோடு, உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த இயலாமை, தம்மையே இழிவாக எண்ணுதல், பிறரோடு ஒட்டி உறவாட முடியாமை ஆகியவையும் சேர்ந்திருக்கும்.

ஒரே முறை ஏன் போதாமற் போகிறது?

மனவடு உடலையும் நினைவையும் உறவையும் ஒருங்கே தாக்குகிறது. ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் மூளைப் பகுதிக்கு அமிக்டலா என்று பெயர். ஆபத்து நீங்கிய பின்னும் அது ஓயாமல் அபாய மணி அடித்துக் கொண்டே இருக்கும். அறிவுரை சொல்வதால் மட்டும் இந்த மணி நிற்பதில்லை. மூச்சுப் பயிற்சியால் உடல் அமைதி அடைந்தாலும், "என்னால்தான் அவன் இறந்தான்" என்ற எண்ணம் தானே மாறிவிடுவதில்லை. எண்ணம் மாறினாலும், மனிதர்களை நம்பும் பழக்கம் ஒரே நாளில் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு வேலையைச் செய்கிறது. அதனால்தான் தேவைக்கேற்ப அவற்றை இணைக்கிறார்கள்.

முக்கியமான முறைகள்

முதலாவது, எண்ணங்களை ஆராயும் முறை. அமெரிக்க உளவியலாளர் பட்ரீசியா ரெசிக் இதில் முன்னோடி. நோயாளி தம்மைக் குற்றவாளியாக்கும் எண்ணத்தை எழுதி வைத்து, அதற்குச் சான்று உண்டா என்று சிகிச்சையாளரோடு சேர்ந்து ஆராய்கிறார்.

இரண்டாவது, அஞ்சியதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறை. இதை வளர்த்தவர் எட்னா ஃபோவா. ஒதுங்க ஒதுங்க அச்சம் வளர்கிறது என்பதே இதன் அடிப்படை. பாதுகாப்பான சூழலில் நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அதன் கடுமை குறைகிறது.

மூன்றாவது, இ.எம்.டி.ஆர். எனப்படும் முறை. பிரான்சின் ஷப்பீரோ 1989-இல் இதைப் பற்றிய முதல் ஆய்வை வெளியிட்டார். துன்ப நினைவை மனத்தில் இருத்தியபடி, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் அசைவதை நோயாளி கண்களால் பின்தொடர வேண்டும்.

நான்காவது, வாழ்க்கைக் கதையைக் கூறும் முறை. தரையில் ஒரு கயிற்றைப் போட்டு, அதையே வாழ்நாளாகக் கொள்கிறார்கள். நல்ல நிகழ்ச்சிகளுக்குப் பூக்களும், துன்ப நிகழ்ச்சிகளுக்குக் கற்களும் வைக்கப்படுகின்றன. பிறகு பிறந்தது முதல் வரிசையாகக் கதை சொல்லப்படுகிறது. அப்போது அந்தக் கொடுமை இன்று நடப்பதன்று, கடந்த காலத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டது என்பது மனத்தில் பதிகிறது.

ஐந்தாவது, உடல் வழியான பயிற்சிகள். மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய சிகிச்சைகளால் போதிய பலன் பெறாத 64 பெண்கள் கலந்து கொண்டனர். பத்து வாரம் யோகப் பயிற்சி செய்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கு நோய்க்குறி நீங்கியது. யோகத்திற்குப் பதிலாக உடல்நலக் கல்வி வகுப்பு பெற்றவர்களில் அது 21 விழுக்காடே.

எதை முதலில், எதைப் பின்னர்?

எழுத்தை அறிமுகப்படுத்தாமல் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர் எவரும் இல்லை. இங்கும் அவ்வாறே ஓர் ஒழுங்கு உண்டு. பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஜானே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிகிச்சையைப் படிகளாக அமைத்தார். 1992-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் அதை மூன்று படிகளாக விரித்துரைத்தார். முதற்படி, பாதுகாப்பும் அமைதியும். இரண்டாம் படி, நடந்ததை நினைவுகூர்ந்து இழப்புக்காகத் துக்கம் அனுசரித்தல். மூன்றாம் படி, மீண்டும் மனிதரோடும் வாழ்க்கையோடும் இணைதல்.

இந்த ஒழுங்கின் பயனை 2010-இல் மெரிலீன் குளுவாட்ர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சிறு வயதில் கொடுமைக்குள்ளான 104 பெண்கள் அதில் பங்கேற்றனர். முதலில் உணர்ச்சிகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் பயிற்சி பெற்று, பின்னர் நினைவுகளை எதிர்கொண்டவர்களே அதிகப் பலன் பெற்றனர். அப்பயிற்சி இன்றி நினைவுகளை எதிர்கொண்ட குழுவில், சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் அதிகம்.

எல்லோருக்கும் எல்லா முறைகளும் வேண்டும் என்பதில்லை. ஒரே விபத்தால் வந்த மனவடுவுக்கு, ஒரு முறையைக் கொண்டே 8 முதல் 12 அமர்வுகளில் நல்ல பலன் கிடைப்பதுண்டு. பல ஆண்டுக் கொடுமையின் வடுவுக்குத்தான் நீண்ட, இணைந்த சிகிச்சை தேவைப்படுகிறது. அதையும் பயிற்சி பெற்ற ஒருவர் திட்டமிட்டு நடத்த வேண்டும். நான்கு பேரிடம் நான்கு விதமான யோசனை கேட்டு அலைவது இணைந்த சிகிச்சை ஆகாது.

நம் மக்களிடையே கண்ட பலன்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கிய பின், இலங்கையின் வடகிழக்கில் போரையும் கடலையும் ஒருசேரக் கண்ட 31 சிறுவர்களுக்கு அவ்வூர் ஆலோசகர்களே பயிற்சி பெற்றுச் சிகிச்சை அளித்தனர். ஒரு பிரிவினருக்கு வாழ்க்கைக் கதை முறையிலும், மறு பிரிவினருக்குத் தியானமும் உடல் தளர்வும் கொண்ட முறையிலும் ஆறு அமர்வுகள் நடைபெற்றன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற்பிரிவில் 81 விழுக்காட்டினரும், இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். குழந்தைக்குப் பழக்கமான மொழியும் தெரிந்த முகங்களும் இருந்தால் சில வாரங்களிலேயே இவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

பேராசிரியர் சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியவர்களும் ஜபம், சாந்தியாசனம் போன்ற மரபுப் பயிற்சிகளை உளவள ஆலோசனையோடும் குடும்ப ஆதரவோடும் சேர்த்துப் பயன்படுத்தினர். இறந்தோருக்குரிய கிரியைகளை முறைப்படி செய்வது துக்கம் தீர உதவுவதையும் எடுத்துக் காட்டினர். ஆகவே நம் வழிபாட்டிற்கும் இதில் இடம் உண்டு. ஆனால் அது சிகிச்சையோடு கைகோத்துச் செல்ல வேண்டும். சிகிச்சையைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் அமர்ந்துவிடக் கூடாது.

அன்பர்கள் கவனிக்க வேண்டியவை

1. துன்புற்றவரிடம் "எல்லாம் உன் கர்மவினை" என்று சொல்லாதீர்கள். ஏற்கெனவே தம்மைக் குற்றவாளியாக எண்ணி வாடுபவருக்கு அச்சொல் இரண்டாவது அடியாக விழும்.

2. நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். நிகழ்ச்சி நடந்தவுடன் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறை பயன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அவராகச் சொல்ல முன்வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

3. கொடுமை இன்னும் தொடர்கிறது என்றால் முதல் வேலை அவரைப் பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டு செல்வதே. மலேசியாவில் தாலியான் காசே 15999 என்ற எண்ணை அழைக்கலாம். மன உளைச்சலுக்குச் சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய ஹீல் 15555 சேவை உண்டு. அரசாங்கச் சுகாதார நிலையத்தின் மருத்துவர் வழியாகப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் செல்லலாம்.

4. மருத்துவர் தந்த மருந்தை, விரதத்தையோ வேண்டுதலையோ காரணம் காட்டி நிறுத்தச் சொல்லாதீர்கள்.

5. சிகிச்சையாளரிடம் தயங்காமல் கேளுங்கள்: எந்த முறையில் பயிற்சி பெற்றவர், எதை முதலில் செய்யப் போகிறார், ஏறக்குறைய எத்தனை அமர்வுகள் ஆகும்?

நன்கொடையாளர்களுக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டு வாரம் தொடர்ந்து மருத்துவமனைக்குச் செல்வது நாட்கூலி பெறும் குடும்பத்திற்கு எளிதன்று. பேருந்துக் கட்டணம், இழந்த ஊதியம், பிள்ளையைப் பார்த்துக் கொள்ள ஓர் ஆள் ஆகியவை இல்லாமலே பலர் நான்காம் வாரத்தோடு நின்று விடக்கூடும். பாதியில் நின்றால் காயம் திறந்தபடியே இருக்கும். மாவட்ட மருத்துவமனை வரை ஒரு தாயைக் காரில் அழைத்துச் சென்று, வெளியே காத்திருந்து, திரும்பக் கூட்டி வருவதும் பெரும் அறமே. அதற்குப் பணம் கூட வேண்டியதில்லை, நேரம் போதும்.

மூன்றாம் படியாகிய மனிதரோடு மீண்டும் இணைதலை எந்த மருத்துவரும் தனியே நடத்தி வைக்க முடியாது. அது குடும்பத்திலும், அக்கம் பக்கத்திலும், ஆலயத்தின் அன்னதானக் கூடத்திலும் நடக்க வேண்டிய சிகிச்சை. நெடுநாள் ஒதுங்கியிருந்தவர் ஒருவர் பூத்தொடுக்கவோ பந்தி பரிமாறவோ வந்து நின்றால், காரணம் எதுவும் கேட்காமல் அவருக்கு இடம் கொடுப்போம். இறையருள் எல்லோருக்கும் துணை நிற்பதாக.